மாடு வளர்ப்பவரின் நலத்துக்கும் மாட்டின் நலத்துக்கும் நிஜமாகவே தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. எங்கள் வீட்டில் அது அம்மாவின் விரல் வழியாகத் தெரிந்தது.

ஊர் நெல்லிக்குப்பம் பக்கம். கரும்பு வெட்டும் மாதங்களில் கொழுந்தாடை, அதாவது கரும்பின் நுனித்தோகை, தீவனமாகக் கிடைக்கும் என்ற தைரியத்தில்தான் எங்கள் தெருவில் பலரும் மாடு வைத்திருந்தார்கள். எங்களிடம் ஜெர்சி கலப்பு இரண்டு. 2006-இல் தமிழ்நாடு முழுக்க சிக்குன்குனியா பரவியபோது அம்மாவுக்கும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, மூட்டுவலி விடவில்லை. விடியற்காலையில் விரலை மடக்கவே முடியாது. மாட்டுக்கு அது தெரியுமா? ஐந்து மணிக்கெல்லாம் மடி கனத்துக் கத்தும்.

அம்மா முழுக்கையால் பிடித்துக் கறப்பவர். வலி தாங்காமல் கட்டைவிரலை மடக்கிக் காம்பை இழுத்துக் கறக்க ஆரம்பித்தார். காம்புக்கு ஆகாத முறை, அவருக்கே தெரியும். மாடு உதைத்தது. எரிச்சலில் அதன் முதுகில் ஒன்று வைத்தார். அவர் மாட்டை அடித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

மிரண்ட மாடு சொரப்பு விடாது. காம்பைத் தொட்டதும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்கும். பயந்தால் அட்ரினலின் அதைத் தடுத்துவிடும். ‘பாலை எக்கிக்கிச்சு’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். பாதிப் பால் மடியிலேயே தங்கியது. பத்தாம் நாள் ஒரு காம்பில் பால் திரிதிரியாக வந்தது. மடிநோய்.

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டுப் பாலைப் பால் சங்கத்தில் ஊற்றக்கூடாது. தவிடு, புண்ணாக்கு எல்லாம் அந்தப் பால் பணத்தில்தான். கடைக்கணக்கு ஏற ஏற அம்மாவுக்குத் தூக்கம் போனது, மாட்டுக்குத் தீவனம் குறைந்தது. இன்னொரு மாடு சினைப் பருவத்துக்கு வந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு பருவம் தவறினால் அடுத்ததற்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். காப்பீடு இருந்தது. ஆனால் மாடு செத்தால்தான் பணம், காம்பு செத்தால் கிடையாது.

மருத்துவர் நல்ல மனிதர். மடியைத் தொட்டுப் பார்த்தார், ஊசி போட்டார். கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15 சேர்த்து அரைத்துப் பூசும் வைத்தியம் இன்று பலருக்கும் தெரியும். ஆனால் இந்த மடியைக் கறக்கிற கை எப்படி இருக்கிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

‘பாசமாக வளர்த்தால் மாடு நன்றாக இருக்கும்’ என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அம்மாவிடம் பாசத்துக்குக் குறைச்சலே இல்லை. இரண்டு வேளை, வருஷம் 365 நாளும் கறக்க வேண்டிய வேலையில் அவருக்கு மாற்றாள்தான் இல்லை.

கடைசியில் பக்கத்துத் தெரு சித்தி வந்தாள். மாடு அவளைக் கிட்டே சேர்க்கவில்லை. அம்மாவின் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள்தான் சொரப்பு விட்டது. அம்மா திண்ணையில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, சொம்பில் பால் விழும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். “இன்னும் இருக்குடி, எழுந்திரிக்காத, கற” என்றார்.