வைட்ஹேவன் பெரியவருக்கு என்ன சொல்வது?

அன்புள்ள அண்ணா,

ஒன்பது வருடமாக இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியில், வைட்ஹேவன் என்ற சின்னத் துறைமுக ஊரில் நர்ஸாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் இங்கே ஹெய்க் சுரங்கத்தில் கரி வெட்டியவர். 1986-இல் அதை மூடியபோது வேலை போய்விட்டது. மறுபடி ஒரு சுரங்கம் வருவதாக இருந்தது, அதையும் கோர்ட் நிறுத்திவிட்டது. "இரும்பு செய்யக் கரி வேண்டும்தானே? இங்கே தோண்டாவிட்டால் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும். எங்கள் பேரப் பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் போனதுதான் மிச்சம்" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் நிலக்கரிக்கு எதிராக எழுதுகிறவர். அவருக்கு என்ன சொல்வீர்கள்?

ஒரு வாசகி, வைட்ஹேவன்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு தேதி நினைவுக்கு வந்தது. 1947 ஆகஸ்ட் 15. நம் ஊர்களில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த அதே நாள் மாலையில், வைட்ஹேவனின் வில்லியம் சுரங்கத்தில் வாயு வெடித்து 104 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ இருபது மணி நேரம் கழித்து மூன்று பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்த வருடம் ஜனவரி 1 அன்றுதான் பிரிட்டன் தன் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கி, இனி இது மக்களுக்காக நடத்தப்படும் என்று வாசலில் பலகை வைத்திருந்தது. அதற்கு முன்பு 1910-இல், அதே ஊரின் வெலிங்டன் சுரங்கத்தில் தீ. 136 பேர், அதில் சிறுவர்களும் உண்டு. மீட்கப் போனவர்களால் புகையைத் தாண்ட முடியவில்லை. கடைசியில் தீக்குக் காற்று கிடைக்கக்கூடாது என்று, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே வழியை அடைத்தார்கள். உடல்களை வெளியே எடுக்க மாதக்கணக்கில் ஆனது.

இதைச் சொல்லி அந்தப் பெரியவரின் வாயை அடைக்க நான் வரவில்லை. என்னைவிட இதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சுரங்கம் வேண்டும் என்கிறார் என்றால், அந்தப் பேச்சை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நான் நெய்வேலியில் வளர்ந்தவன். ஷிஃப்ட் சங்கு ஊதும் நேரம் பார்த்து வீட்டில் உலை வைப்பார்கள். குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எல்லாமே அந்த ஒரு வேலையோடு வரும். அப்படி ஒரு வேலை ஊரைவிட்டுப் போனால் கூடவே எதெல்லாம் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தப் புதிய சுரங்கம், 2005-இல் மூடப்பட்ட மார்ச்சன் ரசாயன ஆலை இருந்த இடத்தில் தொடங்கி, ஐரிஷ் கடலுக்கு அடியில் போவதாக இருந்தது. 500 பேருக்கு வேலை என்றார்கள். 2022 டிசம்பரில் அரசு அனுமதி கொடுத்தது. எடுக்கப் போவது மின்சாரத்துக்கான கரி அல்ல, கோக்கிங் கரி. காற்றில்லாமல் சூடாக்கினால் அது இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, துளைத்துளையான கெட்டிக் கட்டியாகும். தாதிலிருந்து இரும்பை உருக்கியெடுக்கும் ஊதுலைக்குள், அந்தத் தாதின் பாரத்தைத் தாங்கி நிற்பது அந்தக் கட்டிதான். இரும்புக்குக் கரி வேண்டும் என்று பெரியவர் சொல்வது அந்த அளவில் உண்மை.

ஆனால் யாருடைய இரும்புக்கு? கரியில் கந்தகம் கூடினால் இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். இந்தக் கரியில் கந்தகம் அதிகம், தங்களுக்கு ஒத்துவராது என்று பிரிட்டிஷ் ஸ்டீல் முன்பே சொல்லிவிட்டது. டாட்டாவோ 2024 செப்டம்பர் 30 அன்று வேல்ஸில் உள்ள தன் போர்ட் டால்பட் ஆலையின் கடைசி ஊதுலையையும் அணைத்தது. அங்கே இனி பழைய இரும்பை மின் உலையில் உருக்குவதுதான் திட்டம். கம்ப்ரியாவில் எடுக்கும் கரியில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குக் கப்பலேறுவதாகத்தான் கணக்கு. அங்கேயும் ஊதுலைகளைக் குறைக்கும் பேச்சுதான் நடக்கிறது. சுரங்கத்துக்குக் கேட்ட அனுமதி 2049 வரை. கரி வாங்குகிறவர்கள் அதுவரை இருந்திருப்பார்களா? 1986-இல் பெரியவர் பட்டதை, இடையில் ஏதோ ஒரு வருடத்தில் அவருடைய பேரனும் படுவான். எனக்கு அதுதான் பெரிய பயம்.

இங்கே தோண்டாவிட்டால் வேறெங்கோ தோண்டுவார்கள் என்ற வாதத்தைத்தான் நீதிமன்றமும் முக்கியமாக எடுத்துக்கொண்டது. இந்தக் கரி அமெரிக்கக் கரியின் இடத்தைப் பிடிக்கும், அதனால் பூமியைச் சூடாக்கும் புகை மொத்தத்தில் அதிகமாகாது என்று அனுமதி கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் கரி விற்க வந்தால் இன்னொருவன் தோண்டுவதை நிறுத்திவிடுவான் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? தோண்டியெடுப்பதை எரிக்கும்போது வரும் புகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2024 ஜூனில், சர்ரே எண்ணெய்க் கிணற்று வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் வழியில் செப்டம்பரில் உயர் நீதிமன்றம் இந்த அனுமதியை ரத்து செய்தது. அடுத்த வருடம் நிறுவனமே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஆக, திறக்கக்கூடாது என்பதுதான் என் கருத்து. 2025-இல் ரிஃபார்ம் யுகே கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ் போர்ட் டால்பட்டில் நின்று வேல்ஸ் சுரங்கங்களைத் திறக்கலாம் என்று பேசினாரே, அதற்கும் எனக்கு இதே பதில்தான். ஓட்டுக்காக அந்த ஊர்களின் ஆசையைக் கிளறிவிடுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

அதைவிடப் பெரிய கோபம் வேறு ஒன்றின் மேல். சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஊர்களுக்கு என்ன வந்தது? உங்கள் பகுதிக்காவது செல்லாஃபீல்டு அணு வளாகம் இருக்கிறது. வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் பல ஊர்களுக்கு அதுகூட இல்லை. வேண்டாம் என்று சொல்ல நாங்கள் இத்தனை பேர் இருந்தோம், வேறு எது வேண்டும் என்று கேட்க எத்தனை பேர் இருந்தோம்? இந்த இடத்தில் பெரியவர் சொல்வதுதான் சரி. நானும் அவர் பக்கம்தான்.

நம்பிக்கை தருவதாக ஒன்று என் கண்ணில் பட்டது. கைவிட்ட சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பிவிடும். பூமியின் சூட்டில் அது வெதுவெதுப்பாகவே இருக்கும். வட இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் ஏறத்தாழ 150 மீட்டர் ஆழத்திலிருந்து அதை இறைத்து, வெப்ப பம்புகளால் சூட்டைக் கூட்டி, 2023 முதல் சில நூறு வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். 500 பேருக்கு இது வேலை தராது, அப்படிச் சொன்னால் பெரியவரை ஏமாற்றுவதாகிவிடும். ஆனாலும் குழாய் போட, துளையிட, பம்புகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த வேலை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்று எழுதி வாங்க வேண்டும்.

அவரிடம் என் கருத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். எந்தப் பாதை எங்கே போனது, எங்கே தண்ணீர் கசிந்தது, எங்கே கூரை நம்பகமில்லாமல் இருந்தது என்று கேட்டு, போனிலாவது பதிவு செய்துவையுங்கள். அந்த 104 பேரில் அவருக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தார்களா என்றும் கேளுங்கள். அந்தத் தேதி நமக்கு என்ன நாள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்