க்ரௌல் எங்கே போனது? குரல் மாறிய மெட்டல் பேண்டுகள்: கேள்வி பதில்

க்ரௌல் என்றால் தாழ்ந்த உறுமல் குரல். அந்தக் குரலில் பாடும் கனமான ராக் வகைதான் டெத் மெட்டல். பல வருடம் அதைப் பாடியவன், இப்போது பாடக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் குரல் சம்பந்தப்பட்ட கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஸ்வீடன் பேண்டான ஓபெத் பற்றித்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஓபெத் 2011-இல் க்ரௌலை நிறுத்தியது ஏன்? பாடகர் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட்டின் தொண்டை போய்விட்டது என்கிறார்களே?

போகவில்லை. 2008-இல் வந்த 'வாட்டர்ஷெட்' வரை க்ரௌல் இருந்தது. 2011-இல் 'ஹெரிட்டேஜ்' முழுக்கச் சாதாரணக் குரல். அடுத்து 2014, 2016, 2019 ஆல்பங்களும் அப்படியே. இதை மட்டும் பார்த்தால் தொண்டை போனது போலத்தான் தோன்றும். ஆனால் மேடையைப் பாருங்கள். 2017-இல் ரெட் ராக்ஸ் அரங்கில் நடந்த கச்சேரி ஆல்பமாகவே வந்திருக்கிறது. அதில் பழைய பாடல்களை அடிவயிற்றிலிருந்து உறுமுகிறார். மென்மையான பாட்டும் உறுமலும் மாறி மாறி வருகின்றன, இரண்டும் சுத்தமாக நிற்கின்றன. தொண்டை கெட்டவருக்கு முதலில் போவது மென்மையான குரல்தான். க்ரௌல் பாடிய கையோடு மெல்லிய சுரத்தைப் பிடிக்க முடிகிறது என்றால் குரல் நாண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

க்ரௌலே இல்லாத ஆல்பமும் அவர்களுக்குப் புதிதில்லை. 2003-லேயே 'டேம்னேஷன்' வந்துவிட்டது. 2011-இல் அவர் எழுதிய பாடல்கள் எழுபதுகளின் ப்ரோக்ரஸிவ் ராக் (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக்) பக்கம் போயிருந்தன. அந்தப் பாடல்களில் க்ரௌலுக்கு இடமில்லை. மெட்டல் கேட்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: எந்தக் குரல் வேண்டும் என்பதைப் பாட்டுதான் தீர்மானிக்கிறது.

அப்படியென்றால் 2024-இல் ஓபெத்தில் க்ரௌல் மறுபடி ஏன் வந்தது? ரசிகர்கள் கேட்டார்கள் என்பதற்காகவா?

ஆல்பத்தைக் கேட்டாலே விடை கிடைக்கும். 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட்' ஒரு கதை. முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலம், இறந்துபோன குடும்பத் தலைவரின் உயிலைப் பிள்ளைகள் முன்னால் வாசிக்கிறார்கள். செத்த பிறகும் வீட்டை ஆளும் அந்த மனிதருக்கு ஒரு குரல் வேண்டும். க்ரௌல் அந்த வேலைக்குத்தான் வந்திருக்கிறது.

ஹெட்ஃபோனில் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உறுமலுக்கு நடுவிலும் வார்த்தையின் கடைசி மெய்யெழுத்து காதில் விழுகிறது. நாக்கும் உதடும் இறுக்கமில்லாமல் வேலை செய்தால்தான் அது வரும். ஆக்கர்ஃபெல்ட்டுக்கு அப்போது வயது 50. நான் மூன்று முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன், அவ்வளவு மகிழ்ச்சி.

க்ரௌல் பாடும்போது தொண்டைக்குள் என்னதான் நடக்கிறது?

நல்ல கேள்வி. பேசும்போது அதிர்வது குரல் நாண்கள். அவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, போலிக் குரல் நாண்கள் என்பார்கள். சாதாரணப் பேச்சில் அவை ஒதுங்கியே இருக்கும். தாழ்ந்த க்ரௌலில் அவையும் நெருங்கி வந்து காற்றில் அதிர்கின்றன. தெற்கு சைபீரியாவின் துவா மக்களுடைய கார்கிரா என்ற தாழ்குரல் பாணிப் பாட்டும் இதே மடிப்புகளைத்தான் பயன்படுத்துகிறது, ஆகவே மனிதத் தொண்டைக்கு இது புதிய வேலை அல்ல. லோர்னா ஷோர் பேண்டின் பாடகர் வில் ராமோஸ் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பாடிக் காட்டிய காணொளி இருக்கிறது, தேடிப் பாருங்கள். அந்தப் பயங்கரச் சத்தத்துக்கு நடுவில் உள்ளே தசைகள் எவ்வளவு ஒழுங்காக நகர்கின்றன என்று தெரியும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: நல்ல க்ரௌல் அவ்வளவு சத்தமானது இல்லை. பக்கத்தில் நின்றால் பேச்சை விடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்கும், மீதியை மைக் பார்த்துக்கொள்கிறது. என்னிடம் வரும் பையன்கள் முதல் நாள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள். நிறுத்தச் சொல்லிவிட்டு, கண்ணாடியில் ஆவி படிய 'ஹா' என்று ஊதச் சொல்வேன். அந்தத் திறந்த தொண்டையோடு, அதே காற்றில், ஒரு சின்ன முனகல். அது பிடிபட்ட பிறகுதான் மைக்கைக் கையில் கொடுப்பேன்.

வலித்தால் நிறுத்துங்கள். தொண்டையில் எரிச்சல், அரிப்பு, இருமல் எதுவானாலும் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது.

ஒரு மாதத்தில் க்ரௌல் கற்றுக்கொள்ள முடியுமா? (நான்கு பேர்)

சத்தம் வரும், கட்டுப்பாடு வராது. வலித்தால் நிறுத்துங்கள்.

எந்த ஆம்ப், எந்த பெடல் வாங்கினால் அந்த கிடார் சத்தம் வரும்?

கிடார்காரரிடம் கேளுங்கள். என் துறை இல்லை.

ரசிகர்கள் உருவாக்கிய பேண்ட். குரலை மாற்றுவது துரோகம்தானே?

இதை ஒருவர் எழுத, இன்னொருவர் "ரசிகனுக்கு அந்த உரிமையே கிடையாது" என்று பதில் எழுத, இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்து எனக்கு வந்தவற்றில் ஒரு பகுதி இந்தச் சண்டையாகவே ஆகிவிட்டது. சரி, என் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஏமாற்றம் உண்மையானது. பதினாறு வயதில் ஒரு குரல் உங்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறது, அது அடுத்த ஆல்பத்தில் இல்லை என்றால் வலிக்கத்தான் செய்யும். 2002-இல் இன் ஃப்ளேம்ஸ் பேண்ட் 'ரீரூட் டு ரிமெய்ன்' ஆல்பத்தை வெளியிட்டபோது மெலடி கோரஸ்களைக் கேட்டு நானே மாதக்கணக்கில் கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்தை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

ஆனால் துரோகம் என்ற சொல் வேறு. 2017-இல் சூசைட் சைலன்ஸ் பேண்ட் சாதாரணக் குரலை நிறையச் சேர்த்து ஒரு ஆல்பம் கொண்டுவந்தது. ஆல்பம் வெளிவரும் முன்பே அதை நிறுத்தச் சொல்லி ரசிகர்கள் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். எனக்கும் அந்த ஆல்பம் பிடிக்கவில்லை, பாட்டுக்குள் குரல் உட்காரவே இல்லை. "இந்தப் பாட்டு சரியாக வரவில்லை" என்று சொல்ல ரசிகனுக்கு முழு உரிமை உண்டு. "இதைப் பாடவே கூடாது" என்பது அதிகப்படி. 2020-இல் அவர்கள் பழைய பாணிக்குத் திரும்பினார்கள்.

பாரடைஸ் லாஸ்ட் பேண்டைப் பாருங்கள். 1991-இல் 'காதிக்' ஆல்பத்தில் பாடகர் நிக் ஹோம்ஸ் உறுமினார். 1999-இல் 'ஹோஸ்ட்' வந்தபோது கிட்டத்தட்ட எலக்ட்ரானிக் பேண்ட். அன்றைக்குக் கைகழுவிப் போனவர்களில் என் நண்பர்களும் உண்டு. 2015-இல் 'த ப்ளேக் விதின்' ஆல்பத்தில் அதே ஹோம்ஸ் மறுபடி உறுமினார், அதுவும் முன்பை விட அழுத்தமாக. நடுவில் அத்தனை வருடம் மெலடி பாடியதால் மூச்சும் உச்சரிப்பும் கூடியிருந்தன என்றுதான் என் காதுக்குப் படுகிறது. துரோகம் என்று அன்றைக்குச் சொன்ன வருடங்கள் இல்லாமல் இந்தக் குரல் வந்திருக்காது.

சரி, உண்மையிலேயே தொண்டைக்காக மாற்றியவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். கட்டடோனியா பேண்டின் பாடகர் யோனாஸ் ரென்க்சே. க்ரௌல் அவர் தொண்டைக்கு ஒத்துவராமல் போனது. 1996-இல் 'ப்ரேவ் மர்டர் டே' ஆல்பத்தில் அவருக்காக உறுமியது வேறு யாருமில்லை, ஆக்கர்ஃபெல்ட்தான். 1998-இலிருந்து சாதாரணக் குரலுக்கு மாறினார். அந்தக் கட்டாயத்திலிருந்துதான் இன்றைக்கு நாம் உருகிக் கேட்கும் கட்டடோனியா பிறந்தது.

எனக்கும் 22 வயதில் நடந்தது. வலித்தால்தான் க்ரௌல் என்று ஒரு மூத்த பாடகர் சொன்னதை நம்பிப் பாடி, குரல் நாணில் முடிச்சு வந்து, மூன்று மாதம் பாடாமல் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் வலித்தால் நிறுத்துங்கள் என்று இத்தனை முறை சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

ஆக்கர்ஃபெல்ட் தொண்டை போய்த்தானே நிறுத்தினார்? (இன்னும் ஆறு பேர்)

முதல் பதிலைப் படியுங்கள்.

பெண் குரலில் க்ரௌல் வருமா?

தாராளமாக. ஆர்ச் எனமி பேண்டில் ஆஞ்செலா கோஸோவ் 2001-இலேயே காட்டிவிட்டார். அந்த மடிப்புகள் எல்லோர் தொண்டையிலும் இருக்கின்றன.

நாளைக்குக் கச்சேரி. குரல் கட்டியிருக்கிறது. கிசுகிசுத்துப் பேசினால் ஓய்வு கிடைக்குமா?

கிடைக்காது. கிசுகிசுப்பதும் பலருக்குத் தொண்டையை இறுக்கும். இன்றைக்குப் பேசவே வேண்டாம், சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். நாளை காலையில் மெல்லிய குரலில் ஒரு சுரம் பிடித்துப் பாருங்கள். அது உடைந்தால் கச்சேரியைத் தள்ளிப் போடுங்கள்.