வயல் பார்க்கப் போகிறீர்களா? வாமடையில் ஆரம்பியுங்கள்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் தெரிந்த குடும்பம் ஒன்று இரண்டு ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்கிறது. பிள்ளைகளோடு போய்ப் பார்க்க ஆசை. எப்போது போகலாம்? எதைக் கவனிக்க வேண்டும்? அரிசி வாங்கி வரலாமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தை மாதம் போங்கள். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நடும் பிசான நெல் அநேகமாகக் கதிர் வாங்கியிருக்கும், மழை ஓய்ந்து வரப்பும் வழுக்காது. நடவு, அறுப்பு நாட்களைத் தவிருங்கள். அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. புதிதாக மண் அணைத்த வரப்பில் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். மிதித்த இடம் உடைந்து தண்ணீர் கசியும்.

பயிரைப் பார்க்கும் முன், “அண்ணாச்சி, தண்ணி எங்கேயிருந்து பாயுது?” என்று கேளுங்கள். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் பல இடங்களில் மேல் வயலில் பாய்ந்த தண்ணீர்தான் கீழ் வயலுக்கு இறங்குகிறது. மேலே போட்ட யூரியாவும் பூச்சிமருந்தும் அதோடு வந்து சேரும். தனி வாய்க்கால் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள், வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாயான வாமடை ஓரமாகக் குழி வெட்டி, கல்வாழையும் சேம்பும் நட்டு, தண்ணீரை அதில் நிறுத்திப் பாய்ச்சுவார்கள். எல்லாவற்றையும் வடிகட்டிவிடாதுதான். ஆனாலும் அப்படி ஒரு குழி இருந்தால், அந்த விவசாயியை நாங்கள் நம்புவோம். பயிரின் பச்சையை மட்டும் பார்த்து ரசாயனம் போட்டதா இல்லையா என்று சொல்ல முடியாது.

அடுத்து, மண்ணில் நுண்ணுயிரைப் பெருக்க ஊற்றும் ஜீவாமிர்தக் கரைசல் இருக்கும் டிரம். 200 லிட்டர் தண்ணீருக்குப் பசுஞ்சாணம் 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, அதே தோட்டத்து வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் வைத்து, வாயைச் சாக்கால் மூடி, காலையும் மாலையும் கம்பால் கலக்க வேண்டும். 48 மணி நேரத்தில் தயார்; ஒரு ஏக்கருக்கு ஒரு தடவைக்குச் சரியாக இருக்கும். பிள்ளைகளை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். புளித்த வாடை என்றால் பக்குவம் சரி. அழுகிய நாற்றம் என்றால் கலக்காமல் விட்டிருக்கிறார்கள், காற்றுப் புகவில்லை. ஒரு வாரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். மாடித் தோட்டத்துக்கு நீங்களே செய்தால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், நுண்ணுயிர் செத்துப்போகும்.

அரிசி தாராளமாக வாங்கலாம், பேரம் வேண்டாம். தவிடு நீக்காத அரிசி என்றால் இரண்டு மாதத்துக்குத் தேவையானது போதும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும்.

கேள்வி: நாங்கள் பார்த்த ஒரு தோட்டத்தில் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச்செடியை மடக்கி உழுது நட்ட நாற்று மஞ்சளாக நின்றது. ஏன்?
- வாசகர், வள்ளியூர்

பதில்: பெரும்பாலும் செடி மக்கும் முன் நட்ட அவசரம்தான் காரணம். பூக்கும் தருணத்தில், 45 நாளுக்குள் மடக்கி உழ வேண்டும். அதற்கு மேல் விட்டால் தண்டு நார் ஏறி மக்க நாளாகும். உழுத பிறகும் தண்ணீர் கட்டிப் பத்து நாளாவது விட வேண்டும். மக்காமல் நட்டால், மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். சேற்றில் எழும் வாயு நாற்றின் வேரைச் சுடும். அந்த வயலில் தண்ணீரை வடித்து இரண்டு மூன்று நாள் காயவிட்டு, மறுபடி பாய்ச்சச் சொல்லுங்கள். வேர் வெள்ளையாக விட ஆரம்பித்தால் பயிர் தேறிவிடும்.