பழுது மவுத் ஓகனிலா, வாங்கிய முறையிலா?

கேள்வி: எனக்கு வயது 43. வேலை முடிந்து வந்தபின் மாலையில் காணொளிப் பாடங்களைப் பார்த்து, புளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை மவுத் ஓகனில் பழகி வருகிறேன். யாழ். நகரிலுள்ள கடையொன்றில், இரண்டு வரிசையாகத் துளைகள் கொண்டதும் பெட்டியில் ‘24’ என்று போட்டிருந்ததுமான கருவியொன்றை வாங்கினேன். ‘நான்காம் துளையை உள்ளிழுத்து சுரத்தை வளையுங்கள்’ என்று பாடத்தில் சொல்கிறார்கள். மூன்று வாரமாக முயன்றும் சுரம் அசையவே இல்லை. கருவி பழுதா? வாயில் வைத்த பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்று கடைக்காரர் மறுக்கிறார். சட்டத்தில் எனக்கு ஏதும் வழி உண்டா?
– ச. இ., கொக்குவில்

பதில்: உங்கள் மவுத் ஓகனில் பழுது ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை, அது நீங்கள் பழக நினைக்கும் கருவியே அல்ல. நீங்கள் வாங்கியது ட்ரெமலோ வகை. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு றீட்டுகள், அதாவது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்குகள், மிகச் சிறிய சுருதி வேறுபாட்டுடன் அமைக்கப்பட்டிருக்கும். திருவிழாக் கடைகளில் சிறுவயதில் ஊதிப் பார்த்த மவுத் ஓகனில் நாமெல்லாம் கேட்ட அந்த நடுங்கும் நாதம் இந்த வேறுபாட்டால்தான் பிறக்கிறது. பழைய திரைப்பாடல்களை வாசிக்க அது அருமையான கருவி. புளூஸ் பாடங்களோ, அநேகமாக எல்லாமே, பத்துத் துளைகளும் இருபது றீட்டுகளும் கொண்ட டயற்றோனிக் வகையை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை.

டயற்றோனிக் கருவியில் ஒரே துளைக்குள் ஊதும்போது ஒலிக்கும் றீட்டும் இழுக்கும்போது ஒலிக்கும் றீட்டும் எதிரெதிராக இருக்கின்றன. நான்காம் துளையை இழுத்தபடி நாக்கைப் பின்வாங்கித் தாழ்த்தி வாயறையின் வடிவத்தை மாற்றினால், இழுக்கும் சுரம் ஊதும் சுரத்தை நோக்கி இறங்கும்; அந்த இறக்கத்தில் இரண்டு றீட்டுகளுக்கும் பங்கு உண்டு. ட்ரெமலோவில் ஒவ்வொரு சிற்றறையிலும் ஒரு றீட் தனியாக இருப்பதால், மூன்று வாரமல்ல, மூன்று வருடம் முயன்றாலும் அந்த வளைவு உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே உங்கள் முயற்சியில் குறை காணாதீர்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, வாங்கியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதே முக்கியம். இலங்கையில் இன்றும் நடைமுறையிலுள்ள 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு பொருள் இன்ன தேவைக்கு என்று வாங்குபவர் தெரியப்படுத்தி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கியிருந்தால், அத்தகைய பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் அந்தத் தேவைக்குப் பொருந்தும் பொருளையே கொடுத்திருக்க வேண்டும். ‘புளூஸ் பழக வேண்டும், அதற்கான மவுத் ஓகன் தாருங்கள்’ என்று கேட்டு, கடைக்காரர் இதை எடுத்துத் தந்திருந்தால் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ‘ஒரு மவுத் ஓகன் தாருங்கள்’ என்று மட்டும் கேட்டிருந்தால் அவர் தந்தது மவுத் ஓகன்தான். குறிப்பிட்ட வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியவருக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

வாயில் வைத்ததைத் திரும்ப எடுக்க முடியாது என்ற அவரது பேச்சைத் தனியாகப் பார்த்தால், அதில் நான் குறை சொல்லமாட்டேன். நீங்களும் நானும் இன்னொருவர் ஊதிய கருவியைப் புதிது என்று வாங்க விரும்பமாட்டோம். அதற்காகவே நல்ல இசைக் கருவிக் கடைகளில் வாய் படாமல் சோதிக்கும் சிறு துருத்தியொன்று வைத்திருப்பார்கள். அது இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். உத்தரவாதத்துக்கு மாறான பொருள் விற்கப்பட்டதாக நீங்கள் கருதினால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் முறையிட வேண்டும். சபையின் துரித தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டு இல்லாமல் அங்கே போவது வீண் அலைச்சல். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. இவ்வளவுக்கும் பிறகு என்னுடைய யோசனை: ட்ரெமலோவை வீட்டில் பாட்டு வாசிக்க வைத்துக்கொண்டு, ‘சி’ சுருதியில் பத்துத் துளை டயற்றோனிக் ஒன்றை வாங்குங்கள்.

கேள்வி: புளூஸ் மவுத் ஓகன் கற்பிக்கும் வெளிநாட்டு இணையத்தளமொன்றில் ‘இன்று மட்டும் 70 வீதக் கழிவு’ என்று ஆண்டுச் சந்தா போட்டிருக்கிறார்கள். ஏழு நாள் இலவசம். ஆனால் வங்கி அட்டை விபரம் கொடுக்க வேண்டும். கட்டலாமா?
– ரா., சுன்னாகம்

பதில்: கட்ட வேண்டாம், குறைந்தது இன்று வேண்டாம். ‘இன்று மட்டும்’ என்ற அறிவித்தலை அடுத்த வாரம் மறுபடியும் திறந்து பாருங்கள். அது அங்கேயே இருந்தால் கழிவு எதைக் கழித்தது என்பது விளங்கும்.

இலவச நாட்களுக்கு அட்டை கேட்பது, எட்டாம் நாள் நீங்கள் மறந்துவிடுவீர்கள் என்ற கணக்கில்தான். சேர்வதென்றே முடிவானால் மாதச் சந்தாவில் சேருங்கள். சேர்ந்த அன்றே இரத்துச் செய்யும் பக்கத்தைத் தேடிப் பிடித்து, இரத்துச் செய்தபின்னும் கட்டிய காலம் முடியும்வரை பாடங்கள் திறக்குமா என்று பார்த்துவிட்டு, திறக்குமென்றால் உடனே இரத்துச் செய்துவிடுங்கள். கட்டணம் டொலரில் என்பதால், வங்கி தன் மாற்று விகிதத்தையும் கட்டணத்தையும் சேர்த்துக் கழிக்கும். திரையில் தெரியும் தொகையை அன்றைய விகிதத்தால் பெருக்கிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். வெளிநாட்டு நிறுவனத்துடன் பிணக்கு வந்தால் நமது அதிகார சபையால் செய்யக்கூடியது சொற்பம். அட்டை வழங்கிய வங்கியிடம் எழுத்தில் ஆட்சேபிப்பதே கைக்கெட்டிய வழி.

பணத்தைவிட நான் யோசிக்கச் சொல்வது இன்னொன்றை. புளூஸ் மவுத் ஓகனில் கடினமான வேலை முழுவதும் வாய்க்குள் நடக்கிறது. ஒளிப்படக் கருவி எவ்வளவு கிட்ட வந்தாலும் காட்டுவது உதட்டைத்தான். கட்டணப் பாடமும் இலவசப் பாடமும் இந்த விடயத்தில் ஒரே தரம். மிசிசிப்பிப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் கைதேர்ந்த வாசிப்பாளருமான அடம் கசோ, 2007 முதல் யூடியூப்பில் இலவசமாகவே ஏராளமான புளூஸ் பாடங்களைப் போட்டிருக்கிறார். அவற்றை 0.75 வேகத்தில் ஓடவிட்டால் சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறையும். காணொளியின் தரத்தையும் 480க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பாடம் கேட்க அது போதும், டேற்றாவும் மிச்சம்.

யாழ்ப்பாணத்தில் சங்கீதம் காதில் ஏறாத வீடு குறைவு என்பதால், காணொளிகளில் வராத ஒரு வழியையும் சொல்லலாம். ‘சி’ கருவியில் புளூஸ் வாசிப்பவர்கள் பெரும்பாலும் ‘சி’யை ஆதாரமாகக் கொள்வதில்லை, இழுக்கும் சுரங்களை மையமாக்கி ‘ஜி’யில், அதாவது நமது ஐந்து கட்டையில், வாசிக்கிறார்கள். கைத்தொலைபேசியின் சுருதிப் பெட்டியை ஐந்து கட்டைக்கு வைத்து இரண்டாம் துளையை இழுங்கள்; அதுதான் ஷட்ஜம். மூன்றாம் துளை அந்தர காந்தாரம், நான்காம் துளை பஞ்சமம், ஐந்தாம் துளை கைசிகி நிஷாதம். நான்காம் துளையை வளைத்துச் சரியாக இறக்கினால் பஞ்சமம் பிரதி மத்திமத்தில் போய் நிற்கும். மூன்றாம் துளையைச் சற்றே இறக்கி, அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் இடையில் தடுமாற விடுவதில்தான் புளூஸின் ஏக்கம் இருக்கிறது. கமகம் கேட்டுப் பழகிய காது அதை நாலு நாளில் பிடித்துக்கொள்ளும். வாய் பிடிக்க மாதங்கள் ஆகலாம். வாயைக் குவித்து, காற்றை உள்ளே இழுத்தபடி விசிலடித்து, அந்த விசிலை மேலிருந்து கீழே இறக்கிப் பாருங்கள். அப்போது நாக்கு எப்படி நகர்கிறதோ ஏறக்குறைய அதே நகர்வுதான் கருவியிலும் வேண்டும்.

நான்காம் துளை வளையத் தொடங்கியபின் பணம் செலவழியுங்கள். அப்போதும் சந்தாவுக்கு அல்ல. நீங்கள் வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் ஒருவரிடம், அரை மணி நேரமாயினும், நேரடி இணைய வகுப்புக்கு. முதலில் ஒரேயொரு வகுப்புக்கு மட்டும் கட்டுங்கள். ஸூமில் பழகுவதானால் ஒலி அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான ‘மூல ஒலி’ வசதியை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் செயலி உங்கள் நீண்ட சுரத்தை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி வெட்டிவிடும். உங்கள் மூச்சு போதவில்லை என்று ஆசிரியர் நினைப்பார். இணையத் தாமதத்தால் இருவரும் சேர்ந்து வாசிக்கவும் முடியாது. ஆசிரியர் வாசித்து முடிய நீங்கள் வாசிக்கும் முறையில் வகுப்பை நடத்துவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி: அண்ணா அடுத்த மாதம் கனடாவிலிருந்து வருகிறார். புளூஸ் பழக எந்த மவுத் ஓகனைக் கொண்டுவரச் சொல்வது? இங்கே இணையக் கடையில் ஏழு சுருதிகளில் ஏழு கருவிகள் ஒரே பெட்டியில் மலிவாகக் கிடைக்கின்றன. அது இலாபமில்லையா?
– த. கு., மானிப்பாய்

பதில்: ஏழு வேண்டாம், ஒன்று போதும். மலிவுப் பெட்டியில் வரும் கருவிகளில் றீட்டுக்கும் அது பொருத்தப்பட்ட தகட்டுக்கும் இடைவெளி கூடியிருந்தால் காற்று வீணே கசியும். பழகுபவர் மூச்சு முட்டி, தனக்குத் திறமையில்லை என்று முடிவெடுத்துவிடுவார்.

அண்ணாவிடம் ஹோனர் நிறுவனத்தின் ஸ்பெஷல் 20, அல்லது ஜப்பானில் தயாராகும் லீ ஒஸ்கார், ‘சி’ சுருதியில், என்று எழுத்தில் அனுப்புங்கள். சுருதியைச் சொல்லாமல் விட்டால், கடையில் இருப்பது எதுவோ அது வரும். 1896 முதல் விற்பனையாகும் ஹோனர் மரீன் பாண்ட் புளூஸ் உலகில் பெயர்பெற்றது. லிட்டில் வோல்ட்டர் போன்ற புகழ்பெற்ற புளூஸ் மவுத் ஓகன் கலைஞர்களின் கையில் இருந்தது. ஆனால் அதன் மூல வடிவத்தில் நடுப்பகுதி மரத்தாலானது, தகடுகள் ஆணியால் அறையப்பட்டவை. எச்சில் ஈரம் பட்டால் மரம் உப்பும். புழுக்கமான நமது ஊரில் முதற் கருவியாக அதை நான் சொல்லமாட்டேன். நான் சொன்ன இரண்டிலும் நடுப்பகுதி பிளாஸ்ரிக். திருகாணியைக் கழற்றித் துப்புரவு செய்யலாம். லீ ஒஸ்காருக்கு றீட் தகடுகளைத் தனியாகவும் வாங்கலாம் என்பது நீண்டகாலச் செலவில் கவனிக்க வேண்டியது. பயணப் பொதியில் வருவதே நல்லது. தபாலில் வரவழைத்தால் சுங்கத் தீர்வைகளுடன், 2024 ஜனவரி முதல் 18 வீதமாகியுள்ள பெறுமதிசேர் வரியும் சேரக்கூடும்.

கேள்வி: புதிய பத்துத் துளைக் கருவியில் இரண்டாம் துளையை இழுத்தால் சத்தம் அடைக்கிறது. மற்றத் துளைகள் நன்றாக இருக்கின்றன. கடைக்காரர் ‘பழகப் பழகச் சரிவரும்’ என்று சிரிக்கிறார். ஏமாற்றுகிறாரா?
– பெயர் வேண்டாம், வட்டுக்கோட்டை

பதில்: இம்முறை கடைக்காரரை நம்பலாம் என்றே நினைக்கிறேன். பழகத் தொடங்குபவர்கள் பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் துளை இழுப்புக்காகத்தான். நானும் ஓடியவன். நாக்கை இறுக்கி, வாயைச் சுருக்கி, பலமாக இழுப்பதால், உங்களை அறியாமலே அந்தச் சுரத்தை வளைத்து நெரிக்கிறீர்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். இதே கருவியில் மூன்றாம் துளையை ஊதுங்கள். அதுவும் இரண்டாம் துளை இழுப்பும் ஒரே சுரம். அந்த ஒலியை மனதில் வைத்து, கொட்டாவி விடுவதுபோல் தாடையை இறக்கி, மூக்கால் காற்றுப் போகாமல், ஒரு ரொட்டி வாசனையை வாயால் மெல்ல உறிஞ்சுவதுபோல் இரண்டாம் துளையை இழுங்கள். ஒருமுறையாவது இரண்டும் ஒத்து ஒலித்தால் கருவி நல்லது. எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் கரகரத்தால், அல்லது துருத்தியால் சோதித்தபோதும் அடைத்தால், பற்றுச்சீட்டுடன் கடைக்குப் போங்கள். போகுமுன், பனங்கட்டி கடித்துப் பிளேன்ரீ குடித்த வாயோடு வாசித்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். இனிப்புப் படிந்த றீட்டும் இப்படித்தான் அடைக்கும். பிளாஸ்ரிக் நடுப்பகுதியானால் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துளைகள் கீழ்நோக்கி இருக்க உள்ளங்கையில் தட்டி, ஓரிரவு உலரவிட்டு மறுநாள் வாசித்துப் பாருங்கள்.