கிட்டாருக்கும் விடியற்காலைத் தோட்டத்துக்கும் ஒரே மைக் போதுமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்துப் பதிவு செய்கிறேன். அப்பா இன்னும் பால்மரம் சீவும் ரப்பர் தோட்டத்தின் விடியற்கால ஒலிகளையும் பதிவு செய்து, வாசிப்போடு சேர்க்க ஆசை. கையில் 1,000 வெள்ளி இருக்கிறது. ஒரு யுஎஸ்பி மைக் வாங்கினால் இரண்டுக்கும் போதும் என்கிறார்கள். சரிதானா?"

உங்கள் தேவைக்கு யுஎஸ்பி மைக் பொருந்தாது. கிட்டாருக்கு அது ஓரளவு உதவும் என்றாலும், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தோட்டத்துக்குள் போவது நடைமுறைக்கு ஒத்துவராது. மேலும், அந்த வகை மைக்குகளில் பெரும்பாலானவை ஒற்றைத் தடத்தில்தான் பதிவு செய்யும் என்பதால், இடப்பக்கம் கூவும் குயிலும் வலப்பக்கம் போகும் மோட்டார் சைக்கிளும் ஒரே புள்ளியிலிருந்து வருவதுபோல் கேட்கும்.

மைக் வாங்கும்போது பெட்டியில் முதலில் பார்க்கவேண்டிய எண் 'செல்ஃப் நாய்ஸ்'. சுற்றிலும் ஓசையே இல்லாதபோதும் மைக்கின் உள்ளே இருக்கும் மின்சுற்று எழுப்பும் 'உஸ்' என்ற இரைச்சலின் அளவு அது. எண் குறையக் குறைய நல்லது. கிட்டாரிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் மைக் இருக்கும்போது இந்த இரைச்சலை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 மைக்கின் உள்ளிரைச்சல் 20 டெசிபல். ஆனாலும் அது கிட்டாருக்கு நன்றாகவே உழைக்கிறது. அதே மைக்கை ஆள் நடமாட்டமில்லாத பால்மரக் காட்டில் வைத்து, ஒலி போதவில்லை என்று அளவைக் கூட்டினால், தூரத்துப் பறவைக்கு முன்னால் உஸ்ஸென்ற இரைச்சல் வந்து நிற்கும். ஷுவர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் (வெளிமின்சாரம் இல்லாமல் காந்தச் சுருளால் இயங்குவது) 1965 முதல் மேடையிலும் ஸ்டுடியோவிலும் பெயர் பெற்றதுதான். ஆனால் அது தரும் மின்சமிக்ஞை, ஏடி2020 போன்ற கண்டென்சர் மைக் (மின்சாரம் ஊட்டி இயக்குவது) தருவதைவிட மிகவும் சிறியது என்பதால் தோட்டத்து அமைதியைப் பிடிக்க அது உதவாது.

உள்ளிரைச்சல் 4, 5 டெசிபல் மட்டுமே உள்ள ரோட் என்டி1, என்டி1-ஏ போன்ற பெரிய மைக்குகள் இந்த வகையில் மிகச் சிறந்தவை. ஆனால் அவற்றுக்கு கம்பி வழியாகவே 48 வோல்ட் மின்சாரம் ('பாண்டம் பவர்') ஊட்டி, ஒலியைக் கணினிக்கு அனுப்பும் இடைமுகக் கருவி தேவை. இடமும் வலமும் பிரிந்து கேட்கும் ஸ்டீரியோவுக்கு இரண்டு மைக் வாங்கவேண்டும். உங்கள் கையிருப்பு தாங்காது.

ஆகவே நான் சொல்வது இது: பிரிமோ இஎம்272 என்ற, ஒலியை மின்சமிக்ஞையாக்கும் சிறிய எலெக்ட்ரெட் வில்லையைக் (கேப்சூல்) கொண்டு செய்த மைக் ஒரு ஜோடியும், செருகுதுளை வழியாகவே மைக்குக்குச் சிறு மின்சாரம் ஊட்டும் 'பிளக்-இன் பவர்' உள்ள கையடக்க ரெக்கார்டர் ஒன்றும் வாங்குங்கள். இந்த வில்லையின் உள்ளிரைச்சல் 14 டெசிபல்தான். சட்டைப் பொத்தான் அளவே இருக்கும் ஒன்றுக்கு அது வியப்பான எண். ரெக்கார்டருக்கு ஸூம் எச்1 எசென்ஷியல் போன்ற, மிக மெல்லிய ஒலியையும் மிகப் பெரிய ஒலியையும் ஒருசேரத் தாங்கும் 32-பிட் ஃப்ளோட் முறையில் பதியும் கருவி ஏற்றது. திடீரென்று இடி இடித்தாலும் பதிவு உடைந்துபோகும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால், இருட்டில் அளவைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பணத்தின் பெரும்பகுதி இவை இரண்டுக்குமே போகும். மிச்சத்தில், ஹெட்போன் வாங்குவதற்கு முன்பே, மைக்கில் காற்று மோதாமல் தடுக்கும் உரோம உறையை வாங்குங்கள். அது இல்லாமல் வெளியே எடுத்த பதிவு எதற்கும் ஆகாது.

இந்த மைக்குகள் எல்லாத் திசையையும் கேட்கும் ஆம்னி வகை. கிட்டாருக்கு அதனால் ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் கார்டியாய்ட் மைக்கைப்போல் கிட்டே கொண்டுபோனால் அடிநாதம் வீங்காது என்பது நன்மை. அறையின் எதிரொலியும் கூடவே வந்துவிடும் என்பது தொல்லை. தகரக் கூரையும் சிமெண்டுச் சுவரும் உள்ள வீட்டில் இது பெரிய விஷயம். மெத்தையைச் சுவரில் சாய்த்து, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டு, மழை ஓய்ந்த இரவில் பதிவு செய்யுங்கள். மைக்கைக் கிட்டார் கழுத்தின் பன்னிரண்டாவது கட்டைக்கு (ஃப்ரெட்) நேரே 25 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஒலித்துளைக்கு நேர் எதிரே வைத்தால், பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்வதால் பானைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும். அங்கிருந்து விரல் விரலாக நகர்த்திக் கேட்டுப் பாருங்கள்; மைக்கை மாற்றுவதைவிட இந்த நகர்த்தல் தரும் மாற்றம் அதிகம். ரெக்கார்டரில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் 'லோ கட்' இருந்தால் 80 ஹெர்ட்ஸுக்கு மேல் வைக்காதீர்கள். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது.

தோட்டத்தில் பதிவு செய்ய, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அன்று சீவாத நிரையில் ஒரு பால்மரத்தைத் தேர்ந்து, பட்டைக்குச் சேதம் வராமல் மென்துணியால் இரு மைக்கையும் மரத்தின் இரு பக்கமும் காது உயரத்தில் கட்டுங்கள். மரத்தின் தண்டு நம் தலையைப்போல் இரண்டு காதுகளுக்கும் நடுவே நின்று ஒலியைப் பிரிப்பதால், ஹெட்போனில் கேட்கும்போது நீங்களே அங்கே நிற்பதுபோல் இருக்கும். பதிவை ஓடவிட்டுவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள்; உங்கள் மூச்சும் சருகு மிதிபடுவதும் பதிவாகக்கூடாது. காய்ந்த ரப்பர் காய் மேலே 'டப்'பென்று வெடித்து, விதை இரண்டு மூன்று கிளைகளில் தட்டிச் சருகில் விழும் ஓசை இந்த ஏற்பாட்டில் மிக அழகாக விழும். மங்கில் (மரத்தில் கட்டிய பால் கிண்ணம்) பால் சொட்டும் ஓசை வேண்டுமென்றால் ஒரு சாண் தூரத்துக்குள் போகவேண்டும். தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைந்துவிடும்.

கடைசியாக, நம் ஊர் ஈரப்பதம். குளிரூட்டிய அறையில் இரவெல்லாம் இருந்த கண்டென்சர் மைக்கை ஒரு விடியற்காலை நேராகத் தோட்டத்துக்கு எடுத்துச் சென்றேன். ஐந்து நிமிடத்தில் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று ஒலிக்கத் தொடங்கி, அன்றைய பதிவு முழுவதும் வீணாயிற்று. குளிர்ந்த உலோகத்தின்மேல் ஈரக்காற்று நீராகப் படிந்து மின்கசிவு ஏற்பட்டதே காரணம். அன்றிலிருந்து, புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மைக்கை மூடிய டப்பாவோடு வெளியே வைத்துவிடுகிறேன். வேலை முடிந்ததும், இறுக்கமாக மூடும் பிஸ்கட் டின்னில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசியில் புதைத்து வைக்கும் வழக்கம் வேண்டாம். அதன் தூசு வில்லையின் துளைகளில் இறங்கிவிடும்.