மடிநோய்: கறந்து முடிச்ச அந்த அரை மணி நேரம்

முக்கூடல் தம்பி: அண்ணாச்சி, ஐப்பசி மழை விழுந்தா எங்க ஜெர்சிக்கு மடி வீங்கிருது. தண்ணி ஒத்துக்கலையா?

பதில்: தண்ணி இல்ல தம்பி, தரை. மழைக்காலத்துல தொழுவுல சாணியும் மூத்திரமும் காயாது. கறந்ததும் காம்புத் துவாரம் உடனே மூடிக்கிடாது. மூட அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள மாடு ஈரத்துல படுத்தா சாணியில உள்ள கிருமி உள்ள ஏறிரும். அதனால தவிடு, புண்ணாக்கைக் கறக்கும்போது வைங்க; புல்லையும் வைக்கோலையும் கறந்த பிறகு போடுங்க. தின்னுக்கிட்டே நிக்கும். காம்பு முக்குற அயோடின் மருந்தைச் சின்ன டம்ளர்ல ஊத்தி நாலு காம்பையும் முழுசா முக்கிருங்க. மிச்சத்தைத் திரும்ப பாட்டில்ல ஊத்தாதீங்க. படுக்கிற இடத்துல பள்ளம் இருந்தா இன்னைக்கே மண்ணடிச்சு மேடாக்குங்க. நான் எந்தத் தொழுவுக்குப் போனாலும் முதல்ல பாக்குறது அந்தப் பள்ளத்தைத்தான்.

பாளையங்கோட்டை அக்கா: கறவைக்காரர் காம்புல பாலைத் தடவி, கட்டைவிரலை மடக்கி இழுக்காரு. சரியா?

பதில்: ரெண்டுமே வேண்டாம் அக்கா. தடவுன பால் கிருமிக்குத் தீனி. விரல் முட்டியால இழுத்தா காம்புக்குள்ள புண்ணாகும். உள்ளங்கை முழுக்கப் பிடிச்சு அழுத்திக் கறக்கச் சொல்லுங்க. அவர் நாலு வீட்டுல கறக்கிறவரு. ஒரு மாட்டுக் கிருமி அவர் கையோடதான் அடுத்த மாட்டுக்கு வரும். உங்க தொழுவுல சோப்பு போட்டுக் கை கழுவுன பிறகே மாட்டைத் தொடணும். ஆத்துல குளிப்பாட்டிட்டு வந்த ஈரத்தோட கறக்க உக்காராதீங்க, மடியில வடியுற அழுக்குத் தண்ணி காம்பு நுனியிலதான் வந்து நிக்கும். மாட்டுக்கு ஒரு துணி வச்சு ஒத்தித் துடைங்க. முதல் பீச்சு கறுப்புத் துணியில விழட்டும், திரி திரியா இருந்தா தெரிஞ்சிரும். நோய் கண்ட மாட்டைக் கடைசியாத்தான் கறக்கணும்.

நாங்குநேரி வாசகர்: மடி நல்லாத்தான் இருக்கு, பால் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வருது.

பதில்: மடிநோய் வெளிய தெரியாம உள்ளுக்குள்ள இருக்கலாம். துணி துவைக்கிற சோப்புத்தூள் 3 கிராமை 100 மில்லி தண்ணியில கரைச்சு வைங்க. ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்துல பிடிச்சு, அதே அளவு கரைசலை ஊத்தி மெதுவாச் சுழற்றுங்க. கூழ் மாதிரி திரண்டு வழவழன்னு வந்தா அந்தக் காம்புல கோளாறு. அந்தப் பாலைக் கீழ கொட்டிட்டு டாக்டரைப் பாருங்க. திருநெல்வேலி பக்கத்துல ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம்.

களக்காடு தங்கச்சி: ஏழு மாசச் சினை, இன்னும் ரெண்டு லிட்டர் கறக்குது. நிறுத்த மனசு வரல.

பதில்: நிறுத்திரும்மா. கன்னு போடுறதுக்கு 60 நாள் முன்னாடி பால் வத்தணும். தீவனத்தைக் குறைச்சு, கடைசியா ஒட்டக் கறந்துட்டு, டாக்டரை வச்சு ஒவ்வொரு காம்புலயும் வத்துக்கால மருந்து ஏத்திரு. அடுத்த ஈத்துல மடி தப்பிக்க இதுதான் வழி.

மானூர் அண்ணன்: கற்றாழை வைத்தியம் கேக்குமா?

பதில்: ஆரம்பத்துலயே பிடிச்சா கேக்கும். கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15 சேத்து அரைச்சு, கொஞ்சங்கொஞ்சமாத் தண்ணியில கரைச்சு, பாலை ஒட்டக் கறந்து கழுவுன மடியில ஒரு நாளைக்குப் பத்து தடவை பூசுங்க. அஞ்சு நாள் பூசணும். காய்ச்சல் இருந்தாலோ மாடு தீனி எடுக்காட்டாலோ இதை நம்பி உக்காராதீங்க, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்குப் போன் போடுங்க. ஊசி போட்டா டாக்டர் சொன்ன நாள் முடியுற வரைக்கும் அந்தப் பாலைச் சொசைட்டிக்கும் ஊத்தாதீங்க, பிள்ளைகளுக்கும் கொடுக்காதீங்க.