மச்சினனும் 188-ஆம் பிரிவும்

அன்புள்ள ஐயா,

சென்னையில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வணிக அறமும் கம்பெனிச் சட்டமும் சேர்ந்த தாளில் ஒரு கேஸ் கொடுத்திருக்கிறார்கள். அம்பத்தூரில் 60 கோடி விற்றுமுதல் உள்ள ஒரு பிரைவேட் லிமிடெட் ஆட்டோ பாகக் கம்பெனி. கொள்முதலைக் கவனிக்கும் டைரக்டர், வருஷத்துக்கு 4 கோடி ரூபாய் பிளேட்டிங் (முலாம் பூசும்) ஜாப் ஒர்க்கை மனைவியின் தம்பிக்குக் கொடுக்கிறார். மற்ற யூனிட்டுகளில் கிலோ 25 ரூபாய், இவருக்கு 28. போர்டில் இதைச் சொல்லவில்லை. ‘மச்சினன் சட்டப்படி உறவினரே இல்லை, உறவினரோடு செய்யும் ஒப்பந்தங்களுக்கான 188-ஆம் பிரிவு பொருந்தாது, அப்புறம் என்ன தப்பு?’ என்கிறார்கள் எங்கள் குழுவில். சட்டம் விட்டுவிட்ட இடத்தில் அறம் என்று என்ன எழுதுவது?

எஸ்., வேளச்சேரி

அன்புள்ள எஸ்.,

உங்கள் குழுவினர் பாதி சரி. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி உறவினர் என்றால் கணவன் அல்லது மனைவி, கூட்டுக் குடும்ப உறுப்பினர்கள், அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், சகோதரன், சகோதரி. அவ்வளவுதான். மச்சினன் இல்லை. மாமனார், சகலை, சித்தப்பா, ஏன் சம்பந்திகூட இல்லை. கல்யாணப் பத்திரிகையில் முதல் வரிசையில் அச்சாகும் பாதிப் பேர் இந்தப் பட்டியலுக்கு வெளியே.

ஆனால் அந்தப் பட்டியலோடு விடையை முடிக்க முடியாது. முதலில் மச்சினனின் யூனிட் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பார்ட்னர்ஷிப்பாக இருந்து டைரக்டரின் மனைவி அதில் ஒரு பார்ட்னர் என்றால், அல்லது பிரைவேட் லிமிடெட்டாக இருந்து அவர் ஒரே ஒரு பங்கு வைத்திருந்தால்கூட, அது 188 சொல்லும் ‘தொடர்புடைய தரப்பு’ ஆகிவிடும். ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழின் இணைப்பில் பார்ட்னர்களின் பெயர் இருக்கும். வெண்டர் பதிவின்போது வாங்கி ஃபைலில் போட்ட அதே தாள்தான். பலர் முதல் பக்கத்து எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

மனைவி உள்ளே இருக்கிறார் என்றால் 188 வந்துவிடும். வழக்கமான தொழிலில், சந்தை நிபந்தனையில், அதாவது உறவில்லாதவரோடு செய்வதுபோலவே நடக்கும் ஒப்பந்தத்துக்கு அதில் விலக்கு உண்டு. 25 ரூபாய் வேலைக்கு 28 கொடுத்தவர் அந்த விலக்கைக் கேட்க முடியாது. போர்டு கூட்டத்தில் தீர்மானம் வேண்டும். பங்குதாரர் தீர்மானம் தேவைப்படாது. முந்தைய ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம், அதாவது 6 கோடியைத் தொட்டால்தான் அது. தீர்மானம் இல்லாமல் செய்ததை மூன்று மாதத்துக்குள் போர்டு ஏற்காவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், நஷ்டத்தை டைரக்டர் ஈடுகட்ட வேண்டும்.

மனைவி இல்லை, முழுக்க மச்சினனுடையதுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 166-ஆம் பிரிவு இருக்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், கேஸில் பயன்படுத்துவதில்லை. கம்பெனியின் நலனோடு மோதுகிற, மோதக்கூடிய, நேரடியான அல்லது மறைமுகமான ஈடுபாடு உள்ள நிலையில் டைரக்டர் தன்னை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அதன் நான்காம் உட்பிரிவு. அங்கே உறவினர் என்ற நிபந்தனையே கிடையாது. மீறினால் 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை அபராதம். 28 ரூபாய் வீதம் 4 கோடி என்றால் சுமார் 14.28 லட்சம் கிலோ. கிலோவுக்கு 3 ரூபாய் வீதம் வருஷத்துக்கு ஏறத்தாழ 43 லட்சம் கம்பெனியை விட்டுப் போகிறது. இதை விடையில் கணக்காகவே போட்டுக் காட்டுங்கள்.

இனி அறம். மச்சினனுக்கு வேலை கொடுத்ததே தப்பு என்று எழுதிவிடாதீர்கள். அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் சின்ன யூனிட்டுகள் பல உறவையும் பழக்கத்தையும் நம்பித்தான் ஓடுகின்றன. அவசரத்துக்கு ராத்திரி ஷிஃப்ட் போட்டுத் தருகிறவர் பெரும்பாலும் தெரிந்தவர்தான். மறைத்ததும், கொடுக்கிறவரே விலையை முடிவு செய்ததும்தான் இங்கே குற்றம்.

சொல்வது எப்படி? டைரக்டர்கள் போர்டுக்குக் கொடுக்கும் எம்பிபி-1 படிவம் டைரக்டரின் சொந்த ஈடுபாட்டைத்தான் கேட்கிறது. மச்சினன் பெயர் அதில் வராது. ஆகவே போர்டுக்குத் தனிக் கடிதம் கொடுத்து, மினிட்ஸில் பதிய வைக்க வேண்டும். பிறகு இந்த வெண்டர் பற்றிய கொள்முதல் முடிவுகளிலிருந்து அவர் விலகவேண்டும். இந்த இடத்தில்தான் பல கம்பெனிகள் கோட்டை விடுகின்றன. பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்து மட்டும் வேறொருவருக்கு மாறும். பில் பாஸ் செய்வதும், ரிஜெக்ஷனுக்கு டெபிட் நோட் போட்டுப் பில் தொகையைக் குறைப்பதும் அவர் மேஜையிலேயே இருக்கும். முலாம் துருவைத் தாங்குகிறதா என்று பார்க்கும் சால்ட் ஸ்ப்ரே சோதனையில் தோற்ற லாட்டுக்கு மற்ற வெண்டருக்கு மறுநாளே டெபிட் நோட் போகும். மச்சினனுக்கு ‘ரீவொர்க் பண்ணிக் கொடுத்துடுவார்’ என்று வாய்வார்த்தையோடு முடியும். மற்றவர்களுக்கு 45 நாளில் பணம், இவருக்குப் பத்தே நாளில். விலையை 25-க்கே இறக்கினாலும் இந்த இரண்டும் தொடர்ந்தால் அது சந்தை நிபந்தனை ஆகாது. மூன்று கொட்டேஷன் இருக்கிறது என்ற சமாதானத்தையும் உடனே நம்பாதீர்கள். மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள். கொட்டேஷன்கள் பர்ச்சேஸ் வழியாக வராமல் நேராக அக்கவுண்ட்ஸுக்கு வரட்டும்.

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் ஹைதராபாத்தின் சத்யம் சாஃப்ட்வேர் கம்பெனி. எல்லோரும் 2009 ஜனவரி 7-ல் அதன் சேர்மன் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்திலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் 2008 டிசம்பர் 16-லிருந்து தொடங்குங்கள். அன்று, ராஜு குடும்பத்தின் மேடாஸ் நிறுவனங்கள் இரண்டை சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க சத்யம் போர்டு ஒப்புதல் தந்தது. மேஜையைச் சுற்றிப் பேர்பெற்ற சுயேச்சை டைரக்டர்கள் இருந்தார்கள். முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்தார்கள், ஒரு நாள்கூட ஆகவில்லை, திட்டத்தைக் கைவிட்டார்கள். போர்டு தீர்மானம் என்ற காகிதம் கையில் இருந்தும் நிற்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. 188 பொருந்தும் என்ற கோணத்தில் எழுதினால், சம்பந்தப்பட்ட டைரக்டர் கூட்டத்திலிருந்து வெளியேற வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். உங்கள் கேஸில் இருப்பது பிரைவேட் லிமிடெட். மத்திய அரசின் 2015 ஜூன் 5 அறிவிக்கைக்குப் பிறகு, அங்கே தன் ஈடுபாட்டைச் சொல்லிவிட்டால் அவர் விவாதத்தில் உட்காரலாம். உட்காரலாம் என்பது சட்டம். உட்கார வேண்டுமா என்பதற்கு உங்கள் குழு இரண்டு பத்தி எழுதினால் மதிப்பெண் அங்கேதான் விழும்.